கரும்பலகைக் கணக்கு

சாப்பாட்டுக் கடைகளில் தொங்கும் பலகைகளைப் படிப்பது எனக்கு வெகுநாளைய பழக்கம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது உபயோகமான பழக்கமுங்கூட. "இன்றைய ஸ்பெஷல்: அடை, அவியல்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கற்பனை செய்துவிடலாம். "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகைக்குப் பின்னால் எத்தனை சிநேகிதங்கள் முறிந்திருக்கின்றனவோ, யார் கண்டது! ஆனால் சென்ற வருஷம் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக் கான்டீனில் நான் பார்த்த பலகை இந்த வகை எதிலும் சேராது.

அதில் பதார்த்தத்தின் பெயர் இருந்தது; விலை இருந்தது; விலைக்குப் பக்கத்தில் சிவப்புச் சாக்கட்டியால் இன்னோர் எண்ணும் இருந்தது. இட்லி இரண்டு, 20 ரூபாய், 120. மெதுவடை ஒன்று, 12 ரூபாய், 110. பரோட்டா ஒன்று, 15 ரூபாய், 260. எலுமிச்சம் சாதம், 30 ரூபாய், 400. ஆடி மாதத்து ஜவுளிக்கடை ஞாபகத்தில், பழைய விலையையும் தள்ளுபடி விலையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். நானூறு ரூபாய் எலுமிச்சம் சாதத்தை முப்பது ரூபாய்க்குத் தருகிற தர்மப்பிரபு யார் என்று விசாரித்தபோதுதான், டோக்கன் கொடுக்கிற பையன் இரக்கத்தோடு என்னைப் பார்த்து, "அது கலோரிங்க சார்" என்றான்.

நான் அங்கே போனதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரணம், தமிழ்த் துறையில் ஒரு சொற்பொழிவு. மற்றது, என் தங்கையின் டெலிபோன்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் போறீங்களாமே. பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துட்டு வாங்க" என்றாள். பிள்ளை என்றது அவளுடைய பேத்தியை. அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "பொங்கலுக்கு வந்தவ, ஒரு இட்லியைத் தட்டுல வச்சு நாலாப் பிட்டு, அதுல ரெண்டைத் தின்னுட்டு எழுந்திரிச்சுட்டா. கையில வளையல் நிக்க மாட்டேங்குது. கேட்டா ஏதோ கணக்குச் சொல்றா."

"என்ன கணக்கு?"

"ஆயிரத்து நூறாம். அதுக்கு மேல போகக் கூடாதாம். ரூபாயாடீன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டா."

வளை நெகிழ்ந்தால் அதற்குக் காரணம் காதல்தான் என்று நம் இலக்கியம் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது. என் தங்கைக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்பது அவள் அடுத்துக் கேட்ட கேள்வியில் தெரிந்தது. பையன் யாராவது உண்டா என்று ஜாடையாக விசாரிக்கும்படி சொன்னாள். காதலாக இருந்தால் பரவாயில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்கலாம். அதற்கு வைத்தியம் தெரியும்.

பேத்திக்குக் காலை வகுப்பு முடிய ஒரு மணி நேரம் இருந்தது. பலகையின் எதிரே ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் அந்தப் பலகையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது பக்கத்து மேஜைத் தட்டை. கேட்டது பரோட்டாக் கல்லின் மேல் கரண்டி கொட்டுகிற தாளத்தை. யோசித்தது, அடுத்த மணி அடிப்பதற்குள் வரிசை நகருமா என்பதை. பசிக்கு மூக்கும் காதும் உண்டு, படிக்கத்தான் தெரியாது.

பத்தாவது ஆட்களாக மூன்று பையன்கள் வந்தார்கள். பலகையின் முன்னால் நின்று வெகு சிரத்தையாகப் படித்தார்கள். பரவாயில்லையே, வாலிபர்களுக்கு ஆரோக்கியத்தில் இவ்வளவு அக்கறையா என்று மனத்திற்குள் மெச்சிக்கொண்டேன். அதற்குள் ஒருவன் செல்போனில் வகுத்தல் கணக்குப் போட்டு முடித்துவிட்டான்.

"ரூபாய்க்குப் பதினேழு வருது மாப்ளே. பரோட்டாதான். லெமன் சாதம் பதிமூணுதான். இட்லி வெறும் ஆறு."

"சுண்டல்ல புரோட்டீன் இருக்குடா" என்றான் இரண்டாமவன்.

"புரோட்டீனை ஒண்ணாந் தேதிக்கு மேல பார்த்துக்கலாம்" என்றான் மூன்றாமவன்.

குறைவாகச் சாப்பிடுவதற்காக எழுதிய எண்ணை அவர்கள் ஒரு ரூபாய்க்கு அதிகமாகச் சாப்பிட வழி தேடி உபயோகித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறு ஒரு ஞாபகமும் வந்தது.

ஐம்பது வருஷங்களுக்கு முன்னால், திருச்சியில் நான் படித்த கல்லூரி ஹாஸ்டலிலும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. சமையல் செலவை மாதக் கடைசியில் கூட்டிப் பேர்வழிகளால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று அதில் எழுதுவார்கள். பத்தாம் தேதிக்குப் பிறகு, பணம் கட்டாதவர்களின் பெயர்களும் அதே பலகையில் ஏறும். பெயர் ஏறிவிட்டால் இலை கிடையாது. ஒரு தடவை, அப்பாவின் மணியார்டர் தாமதமானதில், என் பெயர் மூன்று நாள் அந்தப் பலகையில் இருந்தது. மூன்று நாளும் வேர்க்கடலையும் வாழைப்பழமும் தின்று தண்ணீர் குடித்தேன். பக்கத்து அறைச் சிநேகிதன் கூப்பிட்டுப் பார்த்தான். பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பசியைக் காட்டிலும் அந்தப் பலகையில் என் பெயரின் எழுத்துப் பிழைதான் அப்போது அதிகமாக உறுத்திற்று என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாளனாகப் போகிறவனுக்கு அது ஓர் அறிகுறியோ என்னவோ.

ஆகவே ரூபாய்க்குப் பதினேழு என்று கணக்குப் போட்ட பையனைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

கூட்டம் குறைந்ததும் அடுப்படியிலிருந்து மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பலகையைப் பற்றி விசாரித்தேன்.

"மனையியல் டிபார்ட்மென்ட் பிள்ளைங்க வந்து எழுதிப்போட்டுப் போனாங்க. படிப்புக்குப் பிராஜெக்டுங்களாமா. நல்ல பிள்ளைங்க" என்றார். "ஒரு தோசைக்கு எத்தனை எண்ணெய்ங்க மாஸ்டர்னு கேட்டாங்க. நீங்க எத்தனை போட்டிருக்கறீங்கன்னு நானு கேட்டேன். ஒரு சின்ன ஸ்பூன்னாங்க. சிரிச்சுப்போட்டேனுங்க."

"ஏன்?"

"கரண்டிக்கு ஏதுங்க கணக்கு? காலையில முதல் தோசைக்கு ஒரு கை. கல்லு பழகினதுக்கப்புறம் ஒரு கை. சிரிச்ச மொகமா ஒரு பையன் வந்து நின்னான்னா இன்னொரு கை."

மாஸ்டரின் இந்த வாக்குமூலத்தை அலட்சியப்படுத்துவதற்கில்லை. ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரி. மாஸ்டரின் கை தாராளமாகி ஐந்து கிராம் கூடுதலாக விழுந்தால் நாற்பத்தைந்து கலோரி. அதாவது, பலகையில் முக்கால் இட்லி. சிரித்த முகத்துக்கு முக்கால் இட்லி போனஸ்!

பலகை வைப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் தனி யோசனையும் அல்ல. பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள ஹோட்டல்கள் உணவுப் பட்டியலில் கலோரியைப் போட வேண்டும் என்று நம் நாட்டில் விதி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. 2025-ஆம் வருஷம் மே மாதம் சி.பி.எஸ்.ஈ. தன் பள்ளிக்கூடங்களில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொல்லிற்று. ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், அலுவலகங்களில் எண்ணெயும் சர்க்கரையும் பற்றிய பலகைகள் வைக்கலாம் என்று எழுதிற்று. ஜூலையில், சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட்டுப் பெட்டி மாதிரி எச்சரிக்கை ஒட்டப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, அப்படி ஒன்றும் இல்லை, பொதுவான யோசனைதான் என்று சர்க்காரே மறுக்கும்படி ஆயிற்று. அந்த இரண்டு நாளில் ஜிலேபிக்குக் கிடைத்த அனுதாபத்தைப் போல் எந்த அரசியல்வாதிக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கான்டீன் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் நீலகிரி தெரியும். சோற்றுக்கு எண் எழுதுகிற வித்தை நம் நாட்டில் வேர் பிடித்தது அந்த மலையின் மேல்தான் என்பது அங்கே சாப்பிடுகிற பிள்ளைகளுக்குத் தெரியுமோ, தெரியாதோ. கலோரிக் கணக்கின் மூலவர் ஆட்வாட்டர் என்ற அமெரிக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு சிறிய அறை மாதிரியான பெட்டிக்குள் மனிதனை நாள்கணக்கில் உட்கார வைத்து, உள்ளே போன சாப்பாட்டையும் வெளியே வந்த வெப்பத்தையும் அளந்தவர். மாவுப்பொருளுக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது, புரதத்துக்கு நாலு என்ற வாய்ப்பாடு அவர் கொடுத்தது. நம் பக்கத்தில், 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒற்றை அறையில் மெக்காரிஸன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். பிற்பாடு அவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் தனித்தனியே போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி கொழுகொழுவென்று முதலாவதாக வந்தது. கடைசியாக வந்தது எது என்று கேட்பீர்கள். சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டை உண்ட எலிதான். தமிழ்ச் சாப்பாட்டின் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்த எலியை யாரும் குறிப்பிடுவதில்லை.

மெக்காரிஸனுக்குப் பிறகு வந்த அய்க்ராய்டு, 1937-ல், இந்திய உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் அவர் அங்கத்தினர். குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. நம் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் அந்தப் புத்தகத்தை 1971-ல் விரிவாக்கினார்கள். 2017-ல் மறுபடி புதிய அட்டவணை வந்தது. மனையியல் மாணவிகள் இட்லிக்குப் போட்ட எண்ணின் பூர்வோத்தரம் இதுதான். அரிசிக்கும் உளுந்துக்கும் அட்டவணையில் எண் உண்டு. கையளவைக் குத்துமதிப்பாக வைத்துப் பெருக்கினால் இட்லிக்கு எண் வந்துவிடும். அந்த அட்டவணை பிறந்த காலத்தில் கேட்ட கேள்வி, "இந்த ஜனங்களுக்குப் போதுமானது கிடைக்கிறதா?" என்பது. இன்று அதே அட்டவணையை வைத்துக்கொண்டு, "இவர்கள் அதிகமாகத் தின்கிறார்களா?" என்று கேட்கிறோம். இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். ஒரே கான்டீன் வரிசையில் இரண்டு கேள்விக்கும் உரியவர்கள் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

பேத்தி வந்தாள்.

துப்பட்டாவைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். வெயில் காய்கிற பதினொரு மணிக்குக் குளிருகிறது என்றாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. சீப்பில் தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறதென்று என் தங்கை சொன்னது ஞாபகம் வந்து, தலையைப் பார்த்தேன். பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பாட்டி அனுப்பிச்சாங்களா, தாத்தா?"

"இல்லையம்மா, சொற்பொழிவு."

"சொற்பொழிவு எனக்கா, அவங்களுக்கா?"

கெட்டிக்காரி. சர்க்கரை போடாத கறுப்புக் காப்பியும் ஓர் இட்லியும் வாங்கி வந்தாள். டோக்கன் வாங்கும்போது ஒரு தடவை பலகையைப் பார்த்தாள். அது அவளுக்கு மனப்பாடம், ஆனாலும் பார்த்தாள். கோவிலைக் கடக்கும்போது கை தானாகக் கன்னத்துக்குப் போகுமே, அந்த மாதிரி.

நான் மாஸ்டரின் கரண்டி மகாத்மியத்தை எடுத்துவிட்டேன். இந்த எண்களெல்லாம் உத்தேசம், காலையில் ஒரு கை, மத்தியானம் ஒரு கை, இதை நம்பியா ஒருத்தி பட்டினி கிடப்பாள் என்று ஒரு கதை சொல்வது போல் ரசமாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா, பலகையில இருக்கறதைவிட நிஜத்துல கூட இருக்கும், இல்லையா தாத்தா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலகையைப் பொய்யாக்கி அவளை விடுவிக்கலாம் என்று நான் நினைத்தேன். அவளோ அந்தப் பொய்க்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளத் தயாராகிவிட்டாள். இட்லியின் பாதியை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"இந்தப் பலகையை எழுதினவர்களைச் சொல்ல வேண்டும்" என்றேன் கோபமாக.

"அவங்களை ஏன் சொல்றீங்க? நீங்க தினம் காலையில விரல்ல குத்தி மீட்டர்ல நம்பர் பார்க்கறீங்க. அதை வச்சுத்தானே சாப்பாட்டைக் குறைக்கறீங்க. உங்களுக்கு நம்பர் வேணும், எனக்கு மட்டும் கூடாதா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தச் சின்னஞ்சிறு யந்திரம் காட்டும் எண்தான் என்னை இவ்வளவு நாள் நடமாட வைத்திருக்கிறது. எண் இல்லாவிட்டால், என் சுபாவத்துக்கு, ஒரு பாதாம் அல்வாவின் அருகிலேயே என் சரித்திரம் முடிந்திருக்கும்.

"யாராவது ஏதாவது சொன்னார்களா அம்மா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது.

சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "சித்தப்பா கல்யாணத்துல நீங்கதான் சொன்னீங்க, தாத்தா" என்றாள். "பந்தியில எல்லாரும் இருக்கறப்போ. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிச்சு போலிருக்கே, நல்லா சதை போட்டிருக்கேன்னு."

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமாகச் சொன்னேன், தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிற மாதிரி சொன்னேன். விடுமுறைக்கு வந்த பிள்ளையைப் பார்த்து, "சதை போட்டிருக்கே" என்று சொல்வது என் தலைமுறையில் ஒரு வாழ்த்து. வேர்க்கடலை தின்று மூன்று நாள் தள்ளியவனுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து தெரியாது. என் அம்மா என்னைப் பார்த்து ஒரு தடவையாவது அப்படிச் சொல்ல மாட்டாளா என்று நான் ஏங்கியதுண்டு. அதே வார்த்தை ஒரு பெண்ணின் காதில் என்னவாக விழுந்தது என்று நாவலாசிரியனான எனக்குத் தெரியவில்லை. அப்போது பந்தியில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் என் பேச்சுக்குத்தான் சிரித்தார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பாதி இட்லி தட்டிலேயே இருந்தது. அவள் மணி அடித்துவிட்டது என்று எழுந்து போனாள்.

அன்று பிற்பகல் நான் செய்த சொற்பொழிவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாலை போட்டார்கள். இரவு விருந்தினர் விடுதியில் தூக்கம் பிடிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் அரைகுறை இணைய ஞானத்தைக் கொண்டு, இந்தப் பலகைகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவ ஆய்வுகளையெல்லாம் சலித்துத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் என்ற அமைப்பு ஒன்று இருக்கிறது. 2018-ல் அவர்கள், கலோரி எழுதி வைத்தால் 600 கலோரிச் சாப்பாட்டில் ஏறக்குறைய 47 குறையலாம், ஆனால் ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை என்றார்கள். 2025-ல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த 47 கரைந்து 11 ஆகிவிட்டது. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இரண்டு பாதாம் பருப்பு. ஊர் முழுக்க, தினமும், இரண்டு பாதாம் குறைந்தாலும் லாபந்தான் என்று அவர்கள் வாதிக்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பதினொன்று என்ற சராசரியின் மேல் கோபம் வந்தது. பலகையைப் பார்க்காத ஒன்பது பேர், பார்த்துவிட்டு இரண்டு பரோட்டா கூட வாங்குகிற ஒருவன், பாதி இட்லியோடு எழுந்து போகிற ஒருத்தி, இவர்களையெல்லாம் கூட்டி வகுத்தால் சாதுவாக ஒரு பதினொன்று வராதா? அந்தப் பதினொன்றில் அவள் எங்கே இருக்கிறாள்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டுக் கூடங்களில் இதே மாதிரி அட்டைகள் இருந்தன. சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிற நோய் சில மாணவர்களிடம் இதனால் முற்றுகிறது என்ற கவலை எழுந்து, 2008-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். அத்தனை பெரிய பல்கலைக்கழகத்துக்கே புத்தி வரச் சிறிது காலம் ஆகியிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

நான் படித்ததில் என் மனத்துக்குப் பிடித்தது கேம்பிரிட்ஜில் நடந்தது. அங்கே மூன்று கல்லூரிகளின் சாப்பாட்டுக் கூடங்களில் விற்ற தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளைக் கவனித்து 2019-ல் எழுதியிருக்கிறார்கள். நாலு பதார்த்தத்தில் ஒன்று காய்கறி உணவாக இருந்த இடத்தில் இரண்டாக வைத்தார்களாம். காய்கறிச் சாப்பாட்டின் விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடிவிட்டது. பலகை இல்லை, உபதேசம் இல்லை, எண் இல்லை. அடுப்பில் ஒரு பாத்திரம் கூட ஏறியது, அவ்வளவுதான். மாஸ்டருக்கு இந்த ஆராய்ச்சி உடனே புரியும் என்று தோன்றியது.

மறுநாள் காலை மனையியல் துறைப் பேராசிரியை என்னைப் பார்க்க வந்தார்கள். முந்தின நாள் நான் மாஸ்டரிடம் பலகையைப் பற்றி விசாரித்தது அவர்கள் காதுக்குப் போயிருந்தது. சண்டை போடுவதற்காக மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அவற்றை உபயோகிக்கச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை.

"ஆண் பிள்ளைங்க பரோட்டாவா தின்னுட்டிருந்தாங்க சார், அதுக்காகத்தான் எழுதினோம்" என்றார்கள். "லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் போன வாரம் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. ரெண்டு மூணு பிள்ளைங்க ராத்திரி சாப்பாட்டுக்கே வர்றதில்லையாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க பேத்தி தலையில முடி கொட்டுதுன்னு சொன்னீங்கன்னா, ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. இங்க ஹெல்த் சென்டர்லயே பார்ப்பாங்க. சாப்பிடு சாப்பிடுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்கள்.

அவர்கள் போன பிறகுதான் தோன்றிற்று. நான் பேத்தியைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே! வயசான ஒருவன் கான்டீனில் உட்கார்ந்து பலகையைப் பற்றி விசாரித்தால், வீட்டில் ஒரு பெண் சாப்பிட மறுக்கிறாள் என்று ஊகித்துக்கொள்கிற அளவுக்கு விஷயம் சகஜமாகியிருக்கிறது.

பேத்திக்குச் செய்தி அனுப்பினேன். "ரத்தம் பார்த்துக்கொள்" என்று மட்டும் எழுதினேன். கீழே, "கல்யாணத்தில் நான் சொன்னது தப்பு" என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினேன். நாற்பது வருஷமாக எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பதில் வரவில்லை.

மாலையில் எனக்கு ரெயில். மூன்று மணிக்குக் கான்டீனில் ஒரு டீ குடிக்கலாம் என்று போனேன். டீயுடன் ஒரு மெதுவடையும் வாங்கிக்கொண்டேன். வாங்கக் கூடாதுதான். இரண்டாவது நாளாக மாஸ்டரின் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வைராக்கியமாக இருப்பதற்கு நான் விசுவாமித்திரர் அல்ல. அவரும் அவ்வளவு ஒன்றும் வைராக்கியமாக இருந்துவிடவில்லை.

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேத்தி உட்கார்ந்தாள். ஒரு துண்டுச் சீட்டை மேஜையின் மேல் வைத்தாள். ஹீமோகுளோபின் 8.6 என்று இருந்தது.

"எவ்வளவு இருக்கணுமாம்?"

"பன்னெண்டாவது இருக்கணுமாம். டாக்டர் திட்டினாங்க." தேர்வில் மார்க் குறைந்த பெண்ணின் குரலில் சொன்னாள். எனக்கு அவளுடைய பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தன. தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, மற்ற இரண்டு எங்கே போயிற்று என்று அழுகிற பிள்ளை அவள். "மாத்திரை கொடுத்திருக்காங்க. அடுத்த வாரம் கவுன்சலர்கிட்ட வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது ஆயிரத்து அறுநூறு வேணுமாம்."

இந்தியாவில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 சர்க்கார் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பலகையில் இரும்புச் சத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. பரோட்டாவின் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். பேராசிரியை சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"உங்களுக்கு இன்னிக்குக் காலையில எவ்வளவு?" என்று அவள் கேட்டாள்.

"நூற்று நாற்பது."

"பொய்."

"நூற்றுத் தொண்ணூறு" என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்புறம் இது என்ன?" என்று என் தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டாள். சட்டினி சொட்டிற்று. எடுத்தவளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்ப என் தட்டில் வைக்க முடியாது. கீழே போட மனம் வராது. சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். நான் ரெயில் டிக்கெட்டைத் தேடுகிற பாவனையில் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். ஒரு விளிம்பைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த விளிம்பையும் பிட்டாள். நடுவிலே பலகையின் பக்கம் கண் போயிற்று, நான் பார்த்தேன். முக்கால் வடை தீர்ந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மெசேஜ் பார்த்தேன்" என்றாள்.

"உம்."

"அன்னிக்கு நீங்க கட்டியிருந்த பட்டு வேட்டி உங்களுக்கு நல்லாவே இல்லை, தாத்தா."

சரிக்குச் சரி ஆயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் தங்கை இரண்டு முறை டெலிபோன் செய்தாள். ஹீமோகுளோபின் ஒன்பதரை ஆகியிருக்கிறதாம். ஒரு நாள் நன்றாகச் சாப்பிடுகிறாளாம், ஒரு நாள் மறுபடி பிட்டுப் பிட்டு வைக்கிறாளாம். கான்டீன் பலகையில் சிவப்பு எண்களை அழித்துவிட்டு, எதில் கீரை இருக்கிறது, எதில் பயறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களாம். காலையில் முளைகட்டிய பயற்றுச் சுண்டல் என்று புதிதாக ஒன்று போடுகிறார்களாம். விலை பத்து ரூபாய். பரோட்டாவை நிறுத்தவில்லை.

"வர்ற மாசம் சீமந்தத்துக்கு வர்றா, அண்ணே" என்றாள் தங்கை. "நீங்களும் வரணும். வந்து எதுவும் பேசாம இருக்கணும்."